நாலு விரல் ஆட்டம்: பெரம்பலூரிலிருந்து முந்திரிக்காட்டுக்கு ஜீப்பில்

சிறுவாச்சூர் கோயிலைப் பற்றி நான் எழுதிய பதிவின் கீழே கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். பழைய ஜீப் ஒன்று வாங்கியிருக்கிறாராம். ஸ்டீரிங் கொஞ்சம் லூஸ், முன்பக்கம் ஏதோ சத்தம், மற்றபடி நல்ல வண்டியாம். அதை எடுத்துக்கொண்டு பெரம்பலூர், அரியலூர் பக்கத்து மண் பாதைகளில் சுற்ற வரலாமா என்று கேள்வி. 'முதலில் சத்தம் எங்கே என்று பாருங்கள், பிறகு வாருங்கள்' என்று இரண்டு வரி எழுதினேன். அனுப்ப மனம் வரவில்லை. அந்த இரண்டு வரியை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை என்று பட்டது. அதனால்தான் இந்தப் பதிவு.

நடந்தது 1983இல், பங்குனி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. அப்போது பெரம்பலூர், அரியலூர் இரண்டுமே திருச்சி மாவட்டம். என் வீட்டுக்காரர் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரிக்கு ஆள் விடும் காண்டிராக்ட் எடுத்திருந்தார். குவாரிக்குள் போய்வர ஏலத்தில் ஒரு பழைய ஜீப் வாங்கினார். வாங்கி இரண்டு வருஷம் ஆகியும் அதைக் குலதெய்வத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தவில்லையே என்று எனக்கு ஒரே உறுத்தல். எங்கள் குலதெய்வக் கோயில் உடையார்பாளையத்தைத் தாண்டி, தார்ச்சாலையை விட்டு இறங்கி ஆறு கிலோமீட்டர், முந்திரிக்காட்டுக்குள் இருக்கிறது. மழை பெய்தால் பாதை சேறாகிவிடும். பங்குனியில் காய்ந்து, மாட்டுவண்டித் தடம் பள்ளம் பள்ளமாக இறுகிக் கிடக்கும். ஜீப் போகலாம்.

ஓட்டியவர் அழகேசன். வேப்பந்தட்டைக்காரர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். இவர் லாரியில் கிளீனராக ஏறி, ஓட்டக் கற்று, லைசென்ஸ் எடுத்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அந்தக் காலத்து வழக்கப்படி நான் அவரை வா, போ என்றுதான் பேசினேன். இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். அன்று அப்படிச் சொல்லவில்லை.

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும். நான் ஐந்தாவது வரை படித்தவள். மற்றதெல்லாம் நானாகப் படித்தது. ஜீப்போடு ஒரு இங்கிலீஷ் புத்தகம் வந்தது. எழுத்துக் கூட்டிப் படிப்பேன், பாதிதான் விளங்கும். படங்கள் விளங்கின. ஒரு படத்தில் வண்டியின் அடிப்பாகத்தை வரைந்து சில இடங்களுக்கு அம்புக்குறி போட்டிருந்தார்கள். முன்பக்கம் மட்டும் பதினொன்று. குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு அம்புக்குறியின் இடத்திலும் கொண்டைக்கடலை அளவுக்கு ஓர் இரும்புக் குமிழ். வண்டி செய்தவர்களே அம்பு போட்டுக் காட்டுகிறார்கள் என்றால் அவை முக்கியமான அங்கங்கள்தானே என்று நினைத்தேன். அந்த வாரத்திலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பானெட்டுக்கும் சக்கரத்துக்கும் வைத்ததோடு அந்தப் பதினோரு குமிழுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். அடியில் கோணிச்சாக்கை விரித்து, புடவையை இழுத்துச் செருகிப் படுத்துக்கொண்டு வைப்பேன். யாரும் செய்யாததைச் செய்கிறோம் என்று பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டாவது வாரமே அழகேசன் சொன்னார்.

"அம்மா, அது கிரீஸ் நிப்பிளுங்க. அது வழியாத்தான் கிரீஸு உள்ள போவணும். அங்க மட்டும் சந்தனம் வேணாம்மா."

"ஒரு பொட்டுச் சந்தனத்துல ஒன் கிரீஸ் கெட்டுப்போவுதா? சாமி காரியத்தைத் தடுக்காத அழகேசா. தொடைச்சுட்டு அடிச்சுக்க."

துடைத்துவிட்டுத்தான் அடித்தார். ஆனால் குமிழின் நுனியில் கடுகளவு ஒரு துளை உண்டு. அதற்குள் போன சந்தனம் காய்ந்து கல்லாகிவிடும் என்று எனக்குத் தெரியாது. கிரீஸ் கன்னை வைத்து அழுத்தினால் குமிழைச் சுற்றிலும் கிரீஸ் பிதுங்கி நிற்கும். பார்ப்பவர்களுக்கு உள்ளே நிறைந்து வழிவது போலவே இருக்கும். தை மாதம் ஒருமுறை, "ரெண்டு மூணு நிப்பிள் அடைச்ச மாதிரி இருக்கும்மா, அரியலூர் பாய் பட்டறையில காட்டணும்" என்றார். "கோயிலுக்குப் போயிட்டு வந்து பாத்துக்கலாம்" என்றேன். என்னைத் தாண்டி என் வீட்டுக்காரரிடம் அவர் சொல்லவில்லை. சொன்னால் முதலாளி சம்சாரத்தைப் பற்றிக் கோள் சொன்னதாகிவிடும் அல்லவா.

அன்று காலை 5.40க்குப் பெரம்பலூரிலிருந்து கிளம்பினோம். முன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கியாயிற்று. பின்னால் பொங்கல் பானை, அரிசி, வெல்லம், விறகுக் கட்டு. என் வீட்டுக்காரர் முன்னால். அவருக்குக் குவாரியில் லோடு இருந்ததால் அரியலூரில் இறங்கிக்கொண்டு, திரும்பும்போது ஏறிக்கொள்வதாக ஏற்பாடு. எங்கே போனாலும் நேரம், கிலோமீட்டர், பெட்ரோல் எழுத என்னிடம் ஒரு நோட்டு இருக்கும். அன்று 'சத்தம்' என்று ஒரு வரிசையும் சேர்த்துக்கொண்டேன். ஒரு வாரமாகவே முன்பக்கம் ஏதோ முனகிக்கொண்டிருந்தது.

நோட்டில் முதலில் இருப்பது இது: 'பேரளிக்கு முன், நேரான ரோடு. ஸ்டீரிங் இரண்டு விரல் சும்மா ஆடுகிறது.' அதாவது வளையத்தை இரண்டு விரல் அகலம் திருப்பினாலும் சக்கரம் அசையாது. பேரளி தாண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்ததும் முன் சக்கரங்கள் இரண்டும் நடுங்க ஆரம்பித்தன. வண்டி முழுக்க உதறியது. அழகேசன் வேகத்தைக் குறைத்ததும் உதறல் நின்றது.

"ஏன்யா இந்தக் குலுக்கு குலுக்குற?"

"நான் குலுக்கலீங்க மொதலாளி. வண்டி குலுங்குது."

"வாய் மட்டும் டைட்டா இருக்கு" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். அழகேசனும் சிரித்தார். அப்போது மூவருமே நல்ல மனநிலையில்தான் இருந்தோம்.

எங்கள் மீட்டரில் 31 கிலோமீட்டர் ஓடி 6.45க்கு அரியலூர். அவரை இறக்கிவிட்டு, 15 லிட்டர் பெட்ரோல் போட்டோம், 92 ரூபாய். ஜெயங்கொண்டம் சாலையில் வி.கைகாட்டிக்கு வரும்போது மணி 7.20. டீ குடிக்க நிறுத்தினோம். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு அழகேசன் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"அம்மா, மண்ரோட்டுல எறங்குறதுக்கு முந்தி ஒருக்கா பாத்துருவோமா?"

முதலில் வண்டியில் கிடந்ததையெல்லாம் எடுத்து வெளியே வைக்கச் சொன்னார். "எல்லாச் சத்தமும் வண்டிச் சத்தம் இல்லம்மா. கழிச்சுக்கிட்டே வரணும்." பானைக்குள் கிடந்த கரண்டி, ஜாக்கி, மண்வெட்டி எல்லாம் இறங்கின. வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். டிங் டிங் சத்தம் போய்விட்டது, அது கரண்டி. 'கிறீச்' என்ற சத்தம் இருந்தது. முன் பம்பரில் ஏறி நின்று மிதித்தார், அப்போதும் கிறீச்சிட்டது. அது முன் ஸ்பிரிங் பட்டைகள் மாட்டியிருக்கும் இடம் காய்ந்து கிடப்பது, உடனே ஆபத்தில்லை என்றார். 'டக்' என்ற சத்தம்தான் மிச்சம்.

அதற்கு அவர் செய்தது எனக்கு இன்றைக்கும் உதவுகிறது. என்னை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னார். இஞ்சினை நிறுத்திவிட்டு, ஸ்டீரிங்கை இப்படியும் அப்படியுமாக ஒரு சாண் மட்டும் ஆட்ட வேண்டும். அவர் அடியில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு மூட்டின் மேலும் கை வைத்துப் பார்ப்பார். புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள்.

"என்னங்க, அம்மாவா ஓட்டப்போறாங்க? கொஞ்சம் இருங்க, நாங்க சைக்கிளை உள்ள எடுத்து வச்சுக்கிறோம்."

"கீழ ஒரு ஆளு கெடக்குறான் பாத்துக்கங்கம்மா. அவனுக்கும் குடும்பம் இருக்கும்."

வெட்கமாக இருந்தாலும் ஆட்டினேன். கீழேயிருந்து அழகேசன் குரல் வந்தது. "ஆட்டுங்க... வலது சக்கரத்துக்கிட்ட ஒண்ணுமில்ல... ஆட்டுங்கம்மா... இடது பக்கம் சுமாரா இருக்கு... இன்னொருக்கா... ஆங், இங்கதான். கையில டக்குன்னு இடிக்குது."

வண்டியின் முன்பக்கத்தில், இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் முக்கோணமாக ஓர் இரும்புக் கை இருக்கிறது. பெல் கிராங்க் என்பார்கள். நாம் திருப்புவதை வாங்கி இரண்டு சக்கரத்துக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது அதுதான். அது தன் அச்சிலேயே ஆடியது. என் கை அளவில் ஸ்டீரிங் ஆட்டம் இப்போது நாலு விரல். பேரளிக்கு முன் இரண்டு.

"அம்மா, திரும்பி அரியலூர் போயிருவோம். பாய்கிட்ட காட்டிட்டு மத்தியானமா வரலாம்."

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு ராகு காலம். அதற்குள் பொங்கல் பொங்கியாக வேண்டும் என்பது என் கணக்கு. "சாமி வேலை அழகேசா. அம்மன் பாத்துக்குவா. நீ மெதுவா போ" என்றேன். அழகேசன் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டார். "அப்ப மண்ரோட்டுல நடக்குற வேகம்தாம்மா. அவசரப்படுத்தக் கூடாது" என்றார். இரண்டு டீ, அறுபது காசு.

உடையார்பாளையத்தில் 8.10க்கு என் நாத்தனார் ஏறிக்கொண்டார். என் வீட்டுக்காரருக்கு அக்கா. எல்லோருமே அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். வாய் ஓயாது. தார்ச்சாலையை விட்டு இறங்கியதும் ஜீப் போன வேகத்தைப் பார்த்து, "ஏன்டா அழகேசா, நான் எறங்கி முன்னால நடந்துபோயி அடுப்பு மூட்டி வைக்கட்டுமா?" என்றார்.

ஆறு கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டு பக்கமும் முந்திரி மரங்கள் தரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். பிஞ்சும் பூவுமாக இருந்த நேரம், வாசனை மூக்கை அடைத்தது. ஒன்பது மணிக்குக் கோயில். 9.50க்குப் பொங்கல் பொங்கியது. வண்டிக்கு மாலை போட்டு மூன்று சுற்று சுற்றினோம். பத்தரைக்குள் திரும்பிக் காலை எடுத்து வைத்துவிட வேண்டும் என்று 10.20க்கே எல்லோரையும் விரட்டி ஏற்றினேன்.

ஒன்றரை கிலோமீட்டர் வந்திருப்போம். பாதை வலதுபுறம் வளைகிறது. அழகேசன் ஸ்டீரிங்கை வலதுபக்கம் திருப்பினார். வண்டி நேராகப் போனது. இன்னும் திருப்பினார். வளையம் மட்டும் அவர் கையில் சுற்றியது. ஜீப் பள்ளத்தை விட்டு ஏறி, இடதுபுறம் சாய்ந்து, ஒரு முந்திரி மரத்தின் அடியில் முட்டி நின்றது. நடக்கிற வேகம் என்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தார்ச்சாலையில், லாரிக்கு எதிரே அது நடந்திருந்தால் இந்தப் பதிவை எழுத நான் இல்லை.

"ஐயோ, பிரசாதம் பூரா என் மடியில! சாமி, வேணும்னா கேட்டு வாங்கிச் சாப்பிட மாட்டேனா நானு!" என்று அக்கா கத்தினார்.

அழகேசன் அடியில் போய்ப் பார்த்தார். ஸ்டீரிங்கிலிருந்து வரும் நீளக் கம்பியின் முனை கழன்று தொங்கியது. முனையில் ஒரு மூடி, அது கழலாமல் இருக்கக் குறுக்கே இரண்டு காலுள்ள ஒரு பின். பின் அறுந்து விழுந்துவிட்டது. மூடியைத் தேடி எடுத்து முறுக்கிவிட்டார். குறுக்கே போட ஒன்றும் இல்லை. நிமிர்ந்து அக்காவின் தலையைப் பார்த்தார்.

"அக்கா, ஒங்க கொண்டை ஊசி ஒண்ணு குடுங்க."

"ஏன்டா, என் கொண்டையை அவுத்தாத்தான் ஒங்க வண்டி ஓடுமா?"

"ஆமாங்க்கா."

இரண்டு ஊசிகளைச் சேர்த்துச் செருகி, கால்களை விரித்து மடக்கினார். கச்சிதமாக உட்கார்ந்தது. வழியில் நாலு முறை நிறுத்தி நிறுத்தி அதைத் தொட்டுப் பார்த்தபடி ஓட்டிவந்தார். அவிழ்ந்த தலையோடு அக்காவை உடையார்பாளையத்தில் இறக்கியபோது 12.05. அரியலூர் வந்தபோது 1.25.

காதர் பாய் லப்பைக்குடிக்காட்டுக்காரர். அரியலூரில் ஸ்டேஷன் போகிற ரோட்டில் பட்டறை வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போயிருந்தார், 2.10க்கு வந்தார். அதற்குள் என் வீட்டுக்காரரும் வந்துவிட்டார். (வெள்ளிக்கிழமை மதியம் போகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.) கோயில் பாதையில் வண்டி வழியை விட்டு இறங்கியதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஊசியைப் பற்றிச் சொல்லவில்லை.

பாய் முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, நடுவில் இருந்த அந்த இரும்புக் கையைக் கழற்றினார். அச்சை வெளியே எடுத்தார். ஒரு பக்கம் பிறை போலத் தேய்ந்து, செம்பழுப்பாகத் துரு பிடித்திருந்தது. கிரீஸ் ஒரு சொட்டு இல்லை. "அச்சும் அதைச் சுத்தி இருக்குற புஷ்ஷும் மாத்தணும் மொதலாளி" என்றார். அதை வாங்க என் வீட்டுக்காரர் கடைத்தெருவுக்குப் போனார்.

அவர் போனதும் பாய் அந்தக் கையிலிருந்த குமிழைக் கழற்றி வாயில் வைத்து ஊதினார். காற்று போகவில்லை. கம்பியால் குத்தினார். மஞ்சளாக ஒரு துண்டு வந்து விழுந்தது. எடுத்து முகர்ந்தார்.

"அழகேசு, ஒங்க மொதலாளி வூட்டுல எந்தக் கம்பெனி கிரீஸுடா வாங்குறீங்க? மணக்குது!"

அழகேசன் குனிந்து ஸ்பேனரைப் பொறுக்கினார். பாய் என் பக்கம் பார்த்தார். என் மோதிர விரலில் காலையில் குழைத்த சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. பாயின் சிரிப்பு நின்றுவிட்டது.

"வண்டிக்கு நெத்தியில வைங்கம்மா. வாயில வச்சு அடைச்சுட்டா அது எப்படிச் சாப்புடும்?"

பதினொன்றையும் கழற்றினார். ஏழு அடைத்துக் கிடந்தன. மண்ணெண்ணெயில் போட்டு ஊறவைத்து, குத்தித் துடைத்து, கம்பி முனையிலிருந்து எடுத்த கொண்டை ஊசிகளோடு ஒரு பேப்பரில் வரிசையாக வைத்தார். நடுவிலிருந்த இரும்புக் கை கிரீஸ் இல்லாமல் முதலில் இறுகி, பிறகு தேய்ந்து ஆடி, அந்த ஆட்டத்தில்தான் கம்பி முனையிலிருந்த அந்தப் பின் அறுந்தது என்று பொறுமையாக எனக்கு விளக்கினார். நான் தலையாட்டினேன். நோட்டை எடுத்தேன். எழுதவில்லை.

3.40க்கு என் வீட்டுக்காரர் திரும்பி வந்தார். அவர் கண்ணில் முதலில் பட்டது அந்தப் பேப்பரில் கிடந்த கொண்டை ஊசிகள்.

"இது என்னய்யா?"

"பின்னு அறுந்துருச்சுங்க மொதலாளி. அதான் அக்காகிட்ட ஊசி வாங்கி..."

"பொம்பள கொண்டை ஊசியில என் பொண்டாட்டியை உக்கார வச்சு இம்புட்டு தூரம் ஓட்டியாந்தியா?"

"அந்த ஊசி இல்லன்னா அங்கயேதான் நின்னுருக்கணும் மொதலாளி" என்றார் பாய்.

"இது ஏன் பாய் இப்படிக் காஞ்சு கெடக்கு?"

பாய் கையைத் துணியில் துடைத்தார். "கிரீஸ் உள்ள போவல."

"கேட்டியாய்யா? மாசாமாசம் கிரீஸுக்குன்னு காசு வாங்குறியே, அந்தக் கிரீஸு எங்க போச்சு? வித்துட்டியா, தின்னுட்டியா?"

"அடிச்சேனுங்க மொதலாளி."

அவ்வளவுதான் அழகேசன் சொன்னது. என் பக்கம் திரும்பவே இல்லை. பாய் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். "என்னங்க" என்று கூப்பிட்டும்விட்டேன். என் வீட்டுக்காரர் திரும்பி "என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க. நேரமாவுது, வீட்டுல வெளக்கேத்தணும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நாற்பது வருஷமாக யோசிக்கிறேன். பட்டறையில் நாலு பேர் நின்றார்கள். என் பூஜையை என் வீட்டுக்காரர் எப்போதும் கிண்டல் செய்வார். சந்தனத்தால் வண்டி கெட்டது என்று தெரிந்தால் சாமிக்குத்தான் கெட்ட பேர் என்று அப்போது எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கெட்ட பேர் எனக்குத்தான் வந்திருக்கும். அம்மனை நடுவில் இழுத்துப் போட்டு அவள் பின்னால் ஒளிந்துகொண்டேன். வீட்டுக்குப் போய்த் தனியாகச் சொல்லிவிடலாம் என்றும் நினைத்தேன்.

அச்சு, புஷ், பின், கூலி எல்லாம் சேர்ந்து 118 ரூபாய். 5.20க்குக் கிளம்பினோம். ஸ்டீரிங் ஆட்டம் இப்போது அரை விரல்கூட இல்லை. போகும்போது நான் எழுதிய அத்தனை சத்தமும் நின்றுபோயிருந்தது. பேசுவதற்கு அதைவிட வசதியான வண்டி கிடைக்காது. யாரும் பேசவில்லை. கண்ணாடியில் அழகேசனின் கண்கள் அவ்வப்போது தெரிந்தன. பின்னால் வண்டி ஏதாவது வருகிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு, மடியிலிருந்த காலிப் பானையைப் பார்த்தபடி வந்தேன். பேரளி தாண்டும்போது 5.55. வீடு வந்தபோது 6.20.

"சாவியைக் குடுத்துட்டுப் போ. திங்கக்கிழமை வர வேணாம்" என்றார் என் வீட்டுக்காரர். அழகேசன் சாவியைச் சுவரில் ஆணியில் மாட்டினார். "போயிட்டு வரேம்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சந்தனம் குழைத்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். புது டிரைவர் வாளியோடு நின்றார். கிண்ணத்தில் விரலை வைக்க முடியவில்லை. உள்ளே போய் என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இதை அங்கயே சொல்றதுக்கு என்ன?" என்றார். அழகேசனைக் கூப்பிடலாமே என்றேன். "அனுப்புனவனைத் திரும்பக் கூப்புட்டா நாளைக்கு எவன் மதிப்பான்? வேணும்னா நீ போயிக் கூப்புடு" என்றார்.

போனேன், ஆனால் சித்திரை பிறந்த பிறகு. பெரம்பலூரிலிருந்து ஆத்தூர் பஸ், வேப்பந்தட்டைக்கு ஒன்றரை ரூபாய், அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அழகேசன் வீட்டில் இருந்தார். ஆத்தூரில் லாரிக்குப் போவதாகவும், வாரத்தில் ஒரு நாள்தான் ஊருக்கு வருவதாகவும் அவர் சம்சாரம் சொன்னார். எனக்கு ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டு, மோர் கொடுத்தார்.

"அவருகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன் அழகேசா. ஒன் மேல தப்பு இல்லன்னு சொல்லிட்டேன். வந்துடு."

"மொதலாளிகிட்ட சொன்னீங்க. வேற யாருகிட்டம்மா சொன்னீங்க?"

எனக்குக் கேள்வி புரியவில்லை.

"பெரம்பலூர் கார் ஸ்டாண்டுல கிரீஸ் காசைத் தின்னவன்னு பேராகிப் போச்சும்மா. ஒரு வண்டி தரமாட்டேங்குறான். ஸ்டாண்டுல சொன்னாத்தான எனக்குப் பிரயோசனம்?" கோபமாகச் சொல்லவில்லை. கடைக்குப் போகிறவரிடம் உப்பும் சேர்த்து வாங்கிவரச் சொல்வது போலச் சொன்னார். பிறகு அவரே, "விடுங்கம்மா. நீங்க எப்படி அங்க வந்து நிப்பீங்க" என்றார்.

நான் எழுந்தேன். பஸ் வரைக்கும் கூட வந்தார். பஸ் தெரிந்ததும் சொன்னார்.

"அன்னிக்கி பேரளி வரைக்கும் கண்ணாடியில பாத்துக்கிட்டே வந்தேம்மா, நீங்க சொல்லுவீங்கன்னு. அதுக்கப்புறம் ரோட்டைப் பாத்து ஓட்டுனேன்."

அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. ஸ்டாண்டுக்கும் போகவில்லை. நடந்தால் பத்து நிமிஷம். டிரைவர்களுக்கு நடுவில் போய் நின்று பேச 1983இல் எனக்குத் தைரியம் இல்லை. பிறகு தைரியம் வந்தபோது அங்கே நின்றவர்களும் மாறிப்போயிருந்தார்கள். ஆகவே இங்கே சொல்கிறேன், யார் கண்ணில் படுமோ படட்டும். வேப்பந்தட்டை அழகேசன் கிரீஸ் காசைத் தின்னவர் அல்ல. மாதம் தவறாமல் அடித்தார். உள்ளே போகாமல் அடைத்தது நான். அன்று வேகத்தைக் குறைத்து என்னையும் என் நாத்தனாரையும் உயிரோடு கொண்டுவந்து சேர்த்ததும் அவர்தான்.

கோயம்புத்தூர்த் தம்பி, வாருங்கள். சாலை இப்போது நன்றாக இருக்கிறது. அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் லாரிகள் அதிகம், அதனால்தான் ஆடுகிற ஸ்டீரிங்கோடு வராதீர்கள் என்கிறேன். கிளம்புவதற்கு முந்தின நாளே வண்டியிலிருக்கும் சாமானையெல்லாம் இறக்கி வைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், பாதிச் சத்தம் அங்கேயே போய்விடும். இஞ்சினை நிறுத்தி, ஒருவர் ஸ்டீரிங்கை ஒரு சாண் ஆட்ட, மற்றவர் ஒவ்வொரு மூட்டிலும் கை வைத்துப் பார்க்க வேண்டும். எங்கே கையில் இடிக்கிறதோ அங்கேதான் தேய்மானம். இரண்டு விரலுக்கு மேல் ஆடினால் தார்ச்சாலையிலும் வேண்டாம். கிரீஸ் அடிக்கும்போது குமிழைச் சுற்றிப் பிதுங்குவதைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். மூட்டின் ஓரத்திலிருந்து பழைய கிரீஸ் வெளியே வந்தால்தான் உள்ளே போயிருக்கிறது. கொண்டை ஊசி அரியலூர் வரை தாங்கும், அதற்கு மேல் நம்ப வேண்டாம். பூஜை போடுங்கள், நானும் இன்றுவரை போடுகிறேன். சந்தனம் பானெட்டில் மட்டும்.

இன்னொன்று. உங்களை ஓட்டிவருகிறவரிடம் சொல்ல வேண்டியது ஏதாவது உங்கள் மனதில் இருந்தால், அரியலூரிலிருந்து பேரளிக்கு அரை மணி நேரம் இருக்கிறது. அதற்குள் சொல்லிவிடுங்கள்.